நாலு பேரும் செத்தாங்க, ஒருத்தர்கூட சரணடையல

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், ஆனா சம்பந்தப்பட்ட நாலு பேரும் படிப்பாங்களேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். போன வாரம் அவங்களே "எழுதித் தொலைடா, பேரு மட்டும் போடாத"ன்னு சொல்லிட்டாங்க. அதனால யார் பேரும் இல்ல, கேரக்டர வச்சே சொல்றேன்.

டி அண்ட் டி தெரியாதவங்களுக்கு மட்டும் நாலு வரி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. ஒருத்தர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். எதிரி, மழை, சத்திரத்துக்காரன், சத்திரத்துக்காரனோட நாய் எல்லாமே அவர்தான். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். என்ன பண்றேன்னு வாயால சொல்லணும், அது பலிக்குமா பலிக்காதான்னு டைஸ் சொல்லும். எங்க டேபிள்ல டிஎம் நான். பேலடின், அதாவது சத்தியம் பண்ணிட்டு வாளெடுத்த வீரன், என்கூட ஸ்கூல்ல படிச்சவன். டுவார்ஃப் கிளெரிக், அதாவது குள்ள இனத்துப் பூசாரி, என் ஆபீஸ் ஜி. ஹாஃப்லிங் ரோக், அதாவது திருடன், காலேஜ் படிக்கிற ஒரு தம்பி. நோம் விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஒரு அக்கா, பேங்க்ல வேலை, எங்க எல்லாரையும்விட பத்து வயசு மூத்தவங்க, நகைக்கடன் கவுன்ட்டர்ல வருஷக்கணக்கா உக்காந்தவங்க. இந்தக் கடைசி விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் மூணாவது லெவல். ஒரு கல் பாலம். இந்தப் பக்கம் இவங்க நாலு பேர், அந்தப் பக்கம் பன்னெண்டு ஹாப்காப்ளின், கூட ஒரு கேப்டன். சாதா காப்ளின்னா குட்டிப் பூதம், அடிச்சா ஓடும், ஹாப்காப்ளின் அப்படி இல்ல, பட்டாளத்து ஆளுங்க, ஆர்மர் கிளாஸே, அதாவது அடி படணும்னா டைஸ்ல தொட வேண்டிய நம்பரே, 18, பக்கத்துல கூட்டாளி நின்னா அடிக்கிற அடியில ரெண்டு ஆறு முக டைஸ் எக்ஸ்ட்ரா டேமேஜ் சேரும். மூணாவது லெவல் பசங்க நாலு பேர் இதை ஜெயிக்கவே முடியாது. முடியாதுன்னு தெரிஞ்சுதான் வச்சேன். பிடிபடணும், கோட்டை ஜெயிலுக்குப் போகணும், அங்க அடைபட்டுக் கெடக்குற கிழவர் ஒருத்தர்கிட்டதான் அடுத்த கதையே இருக்கு. ஜெயிலுக்கு மட்டும் ஒன்பது பக்கம் எழுதி வச்சிருந்தேன். ஜெயிலருக்குக் கடைவாய்ப் பல்லு வலி, அதனால ராத்திரி தூங்க மாட்டான், கிராம்புத் தைலம் குடுத்தா சாவி எங்க இருக்குன்னு உளறுவான், இப்படியெல்லாம்.

கேப்டன் குரல்ல சொன்னேன். "ஆயுதத்த கீழ போடுங்க. உயிருக்கு நான் பொறுப்பு."

பேலடின்காரன் சிரிச்சுட்டு, "இனிஷியேட்டிவ் போடலாமா?"ன்னான். சண்டையில யார் முதல்னு பாக்குற டைஸ் அது.

அஞ்சு ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு ஆறு செகண்டுன்னு கணக்கு, ஆக கதைக்குள்ள முப்பது செகண்டு, டேபிள்ல ஒண்ணே முக்கால் மணி நேரம். நடுவுல ரெண்டு தடவ கேப்டன் திரும்பக் கேட்டான், "இன்னும் நேரம் இருக்கு"ன்னு. ரெண்டாவது தடவ கேக்குறப்ப கிளெரிக் தரையில மயங்கிக் கெடக்குறான், விஸார்டுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க் கணக்கு, 6தான். யாரும் பதிலே சொல்லல, அடுத்து யார் டர்னுன்னுதான் கேட்டாங்க. கடைசியா தம்பியோட ரோக் பாலத்துச் சுவர் மேல ஏறி குதிக்கப் பாத்து முதுகுல அம்பு வாங்கி விழுந்தான். அதோட முடிஞ்சுது.

டைஸ பைக்குள்ள போடுற சத்தம் மட்டும் கேட்டுது. பேலடின்காரன்தான் வாயத் தொறந்தான். "நீ விட்டுருக்கலாம்லடா."

"மூணு தடவ கேட்டேனே மச்சான், சரணடைஞ்சிருக்கலாம்ல."

"உயிரோட பிடிக்கணும்னா மயக்கமாக்கி விட்டுருக்கலாமே, ரூல்லயே இருக்கே."

ஆமா இருக்கு. நாங்க ஆடுறது 2014ல வந்த அஞ்சாம் பதிப்பு, அதுல கைக்கெட்டுற தூரத்துல அடிச்சு ஒருத்தனோட ஹிட் பாயிண்ட்ட 0க்குக் கொண்டு வந்தா, கொல்லாம வெறும் மயக்கமாக்கினேன்னு அடிச்சவன் சொல்லிக்கலாம். மறந்துட்டேன்னு சொன்னேன். மறக்கல. மூணாவது தடவ கேட்டும் இவனுங்க மதிக்கலையேன்னு ஒரு கடுப்பு, அந்தக் கடுப்புல அடிச்சேன். இதை இங்கதான் முதல்முறையா ஒத்துக்கிறேன்.

ரெண்டு நாள் நான் ஊர்ல இருக்குற டிஎம் எல்லாரும் பாடுற அதே பாட்டத்தான் பாடிக்கிட்டிருந்தேன். பிளேயர்ஸ் சரணடையவே மாட்டாங்க, ஈகோ, வீடியோ கேம் ஆடி ஆடி எல்லா சண்டையும் ஜெயிக்கிறதுக்குத்தான் வச்சிருக்குன்னு பழகிட்டானுங்க, இந்த மாதிரி. செவ்வாய்க்கிழமை அக்கா கிட்டேருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துது. பின்னால பிரஷர் குக்கர் விசில் அடிக்குது. அதுல அவங்க சொன்னத அப்படியே எழுதுறேன்.

"டேய், சரணடையறதுன்னா நகைய அடகு வைக்கிற மாதிரிடா. திருப்பிக் குடுப்பான்னு நம்பிக்கை இருக்குற கடையிலதான் வைப்பாங்க. உன் கடையில இதுவரைக்கும் யாராச்சும் வச்ச பொருள நீ திருப்பிக் குடுத்திருக்கியா? யோசிச்சுப் பாரு."

யோசிச்சேன். சங்கடமா போச்சு.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு குகைச் சண்டையில கடைசியா மிஞ்சின காப்ளின் கத்தியக் கீழ போட்டுட்டு மண்டி போட்டான். அவன என்ன பண்றதுன்னு இவங்க நாலு பேரும் தங்களுக்குள்ள இருபது நிமிஷம் சண்டை போட்டு, கடைசில அவனுக்குக் கட்டு போட்டு, ரொட்டி குடுத்து, விட்டுட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே அவன் மருந்து பாட்டில் எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போய் இன்னொரு கும்பலக் கூட்டிட்டு வந்தான். ட்விஸ்ட்டாம். எனக்கு அப்ப பெருமை தாங்கல. அதுக்கப்புறம் ஒரு ஊர் வாசல்ல காவல்காரன் "ஆயுதம் உள்ள கொண்டு போகக் கூடாது, திரும்பி வர்றப்ப வாங்கிக்கோங்க"ன்னான், நம்பிக் குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரி அந்த அறை தீப்பிடிச்சுது. அதுவும் நான்தான். அப்புறம் ஒரு கொள்ளைக்காரன் கையத் தூக்கிட்டு நின்னான், பேலடினே அவன ஒரே வெட்டு, நாங்க எல்லாரும் சிரிச்சோம், நானும் சிரிச்சேன். ஏன் வெட்டினான்னு அப்ப கேக்கத் தோணல. காப்ளின விட்டதுக்கு என்ன ஆச்சுன்னு அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கு, அவ்ளோதான்.

ஆக பாலத்து மேல அந்த கேப்டன் "உயிருக்கு நான் பொறுப்பு"ன்னப்ப இவங்க காதுல விழுந்தது கேப்டன் குரல் இல்ல, என் குரல். காப்ளின் குரலும், அந்தக் காவல்காரன் குரலும் அதே குரல்தானே.

சரி, முழுப் பழியையும் நானே எடுத்துக்கவும் மாட்டேன். இந்த ரூல்ஸ் இருக்கே, அதுவே மனுஷன கையத் தூக்க விடாத மாதிரிதான் கட்டியிருக்கு. அஞ்சாம் பதிப்புல முழு ஹிட் பாயிண்ட்ல இருக்குறவன் எப்படிச் சண்டை போடுவானோ அதே மாதிரித்தான் ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் மிச்சம் இருக்குறவனும் போடுவான். கை நடுங்காது, கண்ணு இருட்டாது, நொண்ட மாட்டான். 1ல இருந்து 0க்குப் போனா பொத்துன்னு விழுவான். நிஜ வாழ்க்கையில ஒருத்தன் எப்பக் கையத் தூக்குவான்? அடி பட்டு, மூச்சு வாங்கி, இனி ஆகாதுன்னு உடம்பு சொல்றப்ப. இங்க உடம்பு அதைச் சொல்லவே சொல்லாது. நிக்கிற வரைக்கும் ஜெயிச்சுடலாம்னு தோணும், ஜெயிக்க முடியாதுன்னு தெரியுறப்ப மயங்கிக் கெடப்பான், மயங்கினவன் எப்படிச் சரணடைவான். விழுந்தவனும் உடனே சாகுறதில்ல, ஒவ்வொரு டர்னும் டி20, அதாவது இருபது முக டைஸ், உருட்டணும், 10ஓ அதுக்கு மேலயோ மூணு தடவ வந்தா பொழைச்சான், 10க்குக் கீழ மூணு தடவ வந்தா போனான். நடுவுல கிளெரிக் ஒரு மந்திரத்தச் சொன்னா எழுந்து நின்னு திரும்ப முழு வேகத்துல வெட்டுவான். இப்படி ஒரு உலகத்துல எவன் தோல்விய நம்புவான்?

ஓடவும் முடியாது. மனுஷனுக்கு ஒரு டர்னுக்கு 30 அடி, ஹாப்காப்ளினுக்கும் 30 அடி. எங்க ஜியோட டுவார்ஃப், தம்பியோட ஹாஃப்லிங், அக்காவோட நோம் மூணும் 2014 புத்தகப்படி 25 அடி. எதிரி பக்கத்துலேருந்து விலகினா ஓசியா ஒரு அடி விழும். ஆக "ஓடிடலாம்"னு ஒருத்தன் சொன்னாலே குள்ளமா இருக்குற மூணு பேரையும் விட்டுட்டுப் போகலாம்னு அர்த்தம். எங்க பார்ட்டியில பேலடின் தவிர எல்லாரும் குள்ளம்.

இன்னொண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசுறதில்ல. சாமான். அக்கா ஒரு நாள் கணக்குப் போட்டே காட்டினாங்க, பேங்க் புத்தி. விஸார்டோட ஸ்பெல்புக், அதாவது மந்திரப் புத்தகம், போச்சுன்னா, வேற எங்கேயாவது கெடைச்ச மந்திரத்தத் திரும்ப எழுதிச் சேத்துக்க ஒவ்வொரு லெவலுக்கும் 50 தங்கக் காசு, ரெண்டு மணி நேரம். பேலடின் ஆசைப்படுற முழு இரும்புக் கவசம் 1500 தங்கம். பிடிபட்டா இதெல்லாம் போகும், உயிரோட இருப்ப, கோவணத்தோட. செத்தா? புது கேரக்டர் போடலாம், புது சாமானோட வரலாம், நிறைய டேபிள்ல மத்தவங்க இருக்குற லெவல்லயே சேத்துப்பாங்க. "சாவுதான்டா சீப்பு, ஜெயில்தான் காஸ்ட்லி"ன்னாங்க. இந்த ஒரு வரிக்கு முன்னாடி நான் பாடின ஈகோ பாட்டெல்லாம் அடிபட்டுப் போச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, சரணடையறதுக்கு ரூல் இல்லாம இல்ல, எதிரிகளுக்கு ரொம்ப வருஷமாவே இருக்கு. 1981ல டாம் மோல்ட்வே எழுதின பேஸிக் ரூல்ஸ்ல ஒவ்வொரு ஜந்துவுக்கும் மொரால்னு, அதாவது தைரியத்துக்குன்னு, ஒரு நம்பர், 2லேருந்து 12 வரைக்கும். முதல் ஆள் செத்ததும் ஒரு தடவ, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவ ரெண்டு ஆறு முக டைஸ் உருட்டணும், நம்பருக்கு மேல வந்தா ஓடுவான், இல்ல சரணடைவான். எலும்புக்கூடு, ஸோம்பி இதுங்களுக்கு 12, அதாவது அடங்கவே அடங்காது. கோபோல்டுன்ற பொடி ஜந்துக்கு 6, சும்மா மிரட்டினாலே பாதி ஓடும். பிளேயர் கேரக்டருக்கு மட்டும் இந்த நம்பரே கெடையாது, அது ஆடுறவங்க இஷ்டம். நியாயம்தான், "உன் கேரக்டர் பயந்துட்டான்"னு டைஸ் சொன்னா எவனுக்கும் கோவம் வரும். ஆனா விளைவப் பாருங்க. அந்த உலகத்துலயே சாகுற வரைக்கும் நிறுத்தாம அடிக்கிறது ரெண்டே கூட்டம், உயிரில்லாத ஸோம்பி ஒண்ணு, நம்ம பசங்க ஒண்ணு.

டிஎம் பக்கத்துலேருந்து இதுக்கு ஒரு குறுக்குவழியும் அப்பவே வந்துடுச்சு. 1980 ஜென் கான் விளையாட்டு மாநாட்டுல போட்டிக்காக எழுதின அடிமை வியாபாரிங்க கதை சீரிஸ், நாலு பாகம், ஏ1லேருந்து ஏ4. மூணாவது பாகத்தோட கடைசியில நீ என்ன பண்ணாலும் பிடிபடுவ. நாலாவதுல கண்ண முழிச்சா கவசமும் இல்ல, மந்திரப் புத்தகமும் இல்ல, இருட்டுக் குகை. போட்டியில இது பரவால்ல, எல்லா டீமுக்கும் ஒரே ஆரம்பம். வீட்டுல மாசக்கணக்கா சேத்த வாளோட ஆடுறவன்கிட்ட இதைச் செஞ்சா அது சரணடையறது இல்ல, ஜப்தி. இதே ஜெயில 2015ல வந்த அவுட் ஆஃப் தி அபிஸ்ன்ற டி அண்ட் டி கதைப் புத்தகம் முதல் சீன்லயே வைக்குது, டிராவ் எல்ஃபுங்க கைல பிடிபட்டுத்தான் கதையே ஆரம்பிக்குது. எங்க பசங்ககிட்ட சொன்னா "சூப்பரா இருக்கே"ன்றாங்க. அதே சங்கிலி, அதே இருட்டு. ஆனா கேரக்டர்கிட்ட அப்ப எதுவுமே இல்ல, எடுத்துக்கவும் ஒண்ணும் இல்ல.

அக்கா சொன்ன அடகு விஷயம் மண்டையிலயே ஓடிக்கிட்டிருந்துது, அதனால நிஜப் போர்ல இது எப்படி நடந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். டி அண்ட் டி இருக்கே, அது ஐரோப்பிய நைட்டுங்க கிட்டேருந்து கவசத்த எடுத்துக்கிச்சு, வாள எடுத்துக்கிச்சு, கோட்டைய எடுத்துக்கிச்சு, அவங்க பொழப்பு எதுல ஓடிச்சோ அத மட்டும் விட்டுடுச்சு: பிடிபட்டவன மீட்குற பணம். மீட்குறதுன்ற வார்த்தைய நாம நகைக்கும் சொல்றோம் ஆளுக்கும் சொல்றோம், அங்கயும் அது கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துருக்கு. 1356ல புவாத்தியே சண்டையில பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஜான் இங்கிலீஷ்காரங்ககிட்ட மாட்டினார். சுத்தி நின்னு பத்து பேர் "என்கிட்ட சரணடை, என்கிட்ட சரணடை"ன்னு கத்துறாங்க, அவர் "என் கசின் வேல்ஸ் இளவரசர் எங்க?"ன்னு கேக்குறார், யார்கிட்ட சரணடையறதுன்னு பாத்துத்தான் சரணடையணுமாம். கடைசில டெனிஸ் டி மோர்பெக்னு ஒரு நைட்கிட்ட கையுறையக் கழட்டிக் குடுத்தார்னு அந்தக் காலத்து வரலாறு எழுதின ஃப்ருவாசார் எழுதி வச்சிருக்கார்.

அவர மீட்க 1360 ஒப்பந்தத்துல பேசின தொகை முப்பது லட்சம் எகூ, பிரெஞ்சு தங்கக் காசு. முழுசா கட்ட முடியாதுல்ல, அதனால ராஜாவ விட்டுட்டு அவர் பையன் லூயியையும் இன்னும் சில பெரிய மனுஷங்களையும் பணயமா வச்சுக்கிட்டாங்க. பையன் 1363ல தப்பிச்சு ஓடிட்டான். ராஜா என்ன பண்ணார் தெரியுமா, 1364ல தானே கப்பல் ஏறி லண்டனுக்குத் திரும்பிப் போனார், போன கொஞ்ச மாசத்துலயே அங்கயே செத்தும் போனார். நான் இதைப் படிச்சிட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். காலைல பதில் வந்துது: "பொருள் காணாம போச்சுன்னு அடகு வச்சவனே போய் கவுன்ட்டர்ல உக்காந்துட்டான் பாரு. இந்த மாதிரி கஸ்டமர் எங்க பிராஞ்சுக்கு வரதே இல்ல."

இதுக்கு மறுபக்கமும் உண்டு. 1415ல அஜின்கோர்ட் சண்டையில இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி, பின்னாலேருந்து திரும்பத் தாக்குவாங்களோன்ற பயத்துல, சரணடைஞ்சவங்களையே வெட்டச் சொன்னார். அவரோட சொந்த ஆளுங்களே தயங்கினாங்க. இரக்கம் பாதி இருக்கலாம், மீதி மீட்புப் பணம் கண்ணு முன்னாடி போகுதேன்ற வயித்தெரிச்சல். என் காப்ளின் ட்விஸ்ட்டும் கொள்ளைக்காரன் வெட்டும் இந்தக் கணக்குலதான் சேரும். ஒரு தடவ அப்படி நடந்துட்டா அடுத்தவன் எவனும் கையுறையக் கழட்ட மாட்டான்.

கேம் எழுதுறவங்கள்ல இதைப் புரிஞ்சவங்க இல்லாம இல்ல. ஆர்தர் ராஜா கதைய வச்சு கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985ல பண்ண பென்ட்ராகன்ல மீட்புத்தொகை சாதாரண விஷயம், நைட் சரணடைஞ்சா மானம் போகாது. 2013ல வந்த 13த் ஏஜ்ல ஓடுறதுக்கே ஒரு ரூல், ஒரு பிளேயர் "ஓடலாம்"னு சொல்லி எல்லாரும் ஒத்துக்கிட்டா விழுந்தவங்களையும் தூக்கிக்கிட்டு எல்லாரும் தப்பிச்சுடலாம், டைஸே வேண்டாம், ஆனா கதையில ஏதோ ஒரு பெரிய நஷ்டம் விழும், அத டிஎம் சொல்வார். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபேட் கோர்ல இருக்குறது, அதுவும் 2013தான். எதிரி டைஸ் உருட்டறதுக்கு முன்னாடி "நான் விட்டுக்குடுக்கிறேன்"னு சொன்னா, எப்படித் தோக்குறன்னு நீயும் பேசலாம். உயிர் போகாது, ஆனா கழுத்துல இருக்குற தாயத்து போச்சு, இந்த மாதிரி. அதுக்கு மேல ஒரு ஃபேட் பாயிண்ட், அதாவது பின்னாடி உதவுற ஒரு டோக்கன், அந்தச் சண்டையில வாங்கின ஒவ்வொரு பெரிய காயத்துக்கும் இன்னொண்ணுன்னு கைல தருவாங்க. சொல்லாம கடைசி வரைக்கும் நின்னு விழுந்தா உன் கதிய எதிரிதான் எழுதுவான். அதாவது சீக்கிரம் ஒத்துக்கிறவன் கைல பேனா இருக்கும். இதை ஜிகிட்ட சொன்னப்ப, "செட்டில்மென்ட் மாதிரி ஜி, கேஸ் முடியுறதுக்கு முன்னாடி பேசினாத்தான் ரேட்டு"ன்னார்.

இதையெல்லாம் போட்டுக் குழப்பி எங்க டேபிளுக்குன்னு ஒண்ணு பண்ணோம். பேரு சீட்டு. அடகுக்கடைச் சீட்டேதான். பேசுற புத்தி இருக்குற எதிரி "ஆயுதத்த கீழ போடு"ன்னு சொல்றப்ப நான், டிஎம்மா, ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். யார் யார் உயிர் பத்திரம், என்னென்ன போகுது, எத்தனை செஷனுக்குள்ள அதை மீட்க வழி வரும். கேப்டன் பொய் சொல்லலாம், ஏமாத்தலாம், அது கதை. சீட்டு பொய் சொல்லக் கூடாது. ஆரம்பத்துல எனக்கு இதுல உடன்பாடே இல்ல, சஸ்பென்ஸ் போயிடுமேன்னு நினைச்சேன். தம்பிதான் "அண்ணா, நீங்க சாகடிக்கிறப்ப இருந்த சஸ்பென்ஸே போதும்"னு முடிச்சு வச்சான்.

சீட்டுல இன்னொரு வரியும் சேத்தோம், அது யார் கேட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் தனியா வந்து, கட்டிப் போட்டு வச்சு ஒருத்தன் மிரட்டுற சீன் தனக்கு ஒத்துக்காது, விளையாட்டுன்னாலும் அன்னிக்குத் தூக்கம் வராதுன்னாங்க. பாலத்து மேல அவங்க சரணடையாததுக்கு அதுவும் ஒரு காரணமாம். அடகு கணக்கெல்லாம் பேசிக்கிட்டிருந்த எனக்கு இது தோணவே இல்ல. இப்ப எல்லாச் சீட்டுலயும் மேலேயே இருக்கும்: சித்திரவதை சீன் கெடையாது, வேணும்னா ஒரே வரியில சொல்லிட்டு நகந்துடுவோம்.

முதல் சீட்டு ஆத்துக் கொள்ளைக்காரங்ககிட்ட. புது கேரக்டர் போடல, பழைய நாலு பேரையே பாலத்துக்கு முந்தின ஊர்லேருந்து திரும்ப ஆரம்பிச்சோம், அது கெட்ட கனவுன்னு வச்சுக்கிட்டோம் (தெரியும், தெரியும், திட்டாதீங்க). உப்பு மூட்டை ஏத்தின படகு, ரெண்டு கரையிலேயும் வில்லாளிங்க, தலைவி ஒரு ஒத்தக்கண் பொம்பள. சீட்டு எழுதினேன். நாலு உயிரும் பத்திரம். ஆயுதமும் பணமும் போகும், ஸ்பெல்புக் போகாது. மூணு செஷனுக்குள்ள எல்லாத்தையும் மீட்க வழி உண்டு. அக்கா கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிஜமாவே ரெண்டு தடவ படிச்சாங்க, "ஸ்பெல்புக் நனையக் கூடாதுன்னும் எழுது"ன்னாங்க, எழுதினேன். ஜி சரி. தம்பி சரி. பேலடின்காரன் மாட்டேன்னுட்டான்.

இதுதான் நான் எதிர்பாக்காதது. ஒருத்தன் மட்டும் வாளோட நின்னா மத்த மூணு பேர் கையத் தூக்கி என்ன பிரயோஜனம், அவன விட்டுட்டுச் சரணடையவும் மனசு வரல, சேந்து சாகவும் மனசு வரல. 13த் ஏஜ்ல எல்லாரும் ஒத்துக்கணும்னு ஏன் வச்சிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. அரை மணி நேரம் போச்சு. தம்பி கெஞ்சினான், ஜி கோவப்பட்டார், "உன் ஒருத்தன் மானத்துக்கு நாங்க மூணு பேர் திரும்ப சாகணுமா?"ன்னு. அவன் ஒண்ணுமே பேசாம டைஸ உருட்டிக்கிட்டே இருந்தான். அக்காதான் கேட்டாங்க, "உனக்கு எது உறுத்துதுப்பா? தோக்குறதா, வாளா?"

"வாள ஆத்துல போடச் சொல்றா. அது எங்க அப்பா வாளு. அதாவது, கேரக்டரோட அப்பா."

நான் அதைச் சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னேன், "ஆத்துல வீசுங்கடா ஆயுதத்த"ன்னு. அவன் அதுலயே நின்னுட்டான். சீட்டுல இன்னொரு வரி எழுதினேன்: வாள தலைவியே தன் கையால வாங்கிப்பா, அவ கூடாரத்துல இருக்கும், வேற யாரும் தொட மாட்டாங்க. அவன் படிச்சான், எழுந்து நின்னான், நிஜமாவே சேர விட்டு எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் இல்லாத ஒரு வாள என்கிட்ட நீட்டினான். நான் வாங்கிக்கிட்டேன். ஃப்ருவாசார் எழுதின அந்தக் கையுறை ஞாபகம் வந்துது எனக்கு, அவனுக்கு அந்தக் கதையே தெரியாது.

அடுத்த மூணு செஷன் நாங்க ஆடினதுலயே நல்ல செஷன்ஸ். துடுப்பு போட்டாங்க, உப்பு சுமந்தாங்க. தம்பி கொள்ளைக்காரங்களுக்குத் தாயம் மாதிரி ஒரு சூதாட்டம் கத்துக் குடுத்து பாதிப் பேர் கடனாளியாயிட்டாங்க. ஜி தலைவியோட போன கண்ணப் பத்தி அவகிட்டயே பேச்சுக் குடுத்து, அது யார் பண்ணதுன்னு தெரிஞ்சுக்கிட்டார், அது நான் எழுதி வச்சிருந்த வில்லன்தான்னு அந்த நிமிஷம்தான் நானே முடிவு பண்ணேன். பேலடின் தினமும் சாயங்காலம் கூடாரத்து வாசல்ல போய் நின்னு வாள் இருக்கான்னு பாத்துட்டு வருவான், தலைவியும் ஒண்ணும் சொல்லாம துணிய விலக்கிக் காட்டுவா. இவ்ளோ நல்லாப் போகுதே, இன்னும் ஒரு செஷன் இழுக்கலாம்னு எனக்கு ஆசை. மூணாவது செஷன்ல மணி ஒன்பதே கால் இருக்கும், அக்கா பையிலேருந்து சீட்ட எடுத்து டேபிள் மேல வச்சு விரலால தட்டினாங்க. "தேதி பாத்தியா தம்பி?" அன்னிக்கே மீட்டுக் குடுத்தேன்.

இப்ப என்ன நெலமைன்னா, போன ஞாயிறு அவங்களுக்கு ஒரு கோட்டைக்குள்ள போகணும். சுவர் உயரம், வாசல்ல ரெண்டே ரெண்டு காவல்காரனுங்க, அதுல ஒருத்தனுக்கு ஜலதோஷம். ஆறாவது லெவல் பார்ட்டி, ஒரே ரவுண்டுல முடிச்சிருக்கலாம். சாக்கடை வழியா வருவாங்க, இல்ல கயிறு போட்டு ஏறுவாங்கன்னு நான் ரெண்டுக்கும் ரெடியா இருந்தேன். பேலடின் நேரா வாசலுக்கு நடந்து போய், வாள இடுப்புலேருந்து கழட்டி, உறையோட சேத்து ரெண்டு கையாலயும் நீட்டி, "நாங்க நாலு பேரும் சரணடையறோம்"ன்னான்.

அந்தக் காவல்காரன் தும்மினான். எனக்கு வேற ஒண்ணும் தோணல.

"உள்ளதான் கூட்டிட்டுப் போவாங்க?"ன்னு ஜி கேட்டார். தம்பி சிரிப்ப அடக்க முடியாம டேபிளுக்கு அடியில குனிஞ்சுட்டான். அக்கா பேனாவ மூடி கழட்டி என் முன்னாடி வச்சு, "முதல்ல சீட்ட எழுது"ன்னாங்க. எழுதிட்டேன், ரெண்டு செஷன்னு போட்டு கையெழுத்தும் போட்டுட்டேன். வர்ற ஞாயிறு நாலு பேரும் ஜெயிலுக்குள்ள இருக்காங்க. அந்தப் பழைய ஒன்பது பக்கத்தத் தேடிக்கிட்டிருக்கேன், பல்லு வலி ஜெயிலர் வரைக்கும் கெடைச்சுடுச்சு, மேப்தான் எங்க வச்சேன்னு தெரியல.